மெக்கன்ஸியின் முகடு

கூலின் மலையில் திசைகாட்டியை நம்ப முடியாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் கிடக்கும் ஸ்கை தீவில், கடலோரத்திலிருந்தே எழும்பி நிற்கும் இந்த மலைத்தொடரின் பாறைகளில் காந்தத்தன்மை கொண்ட இரும்புக் கனிமம் கலந்திருக்கிறது. ஓரிடத்தில் வடக்கைச் சரியாகக் காட்டும் முள், நாலு எட்டு தள்ளிப் போனால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. சிகரங்கள் கண்ணெதிரே நிற்கும், கீழே கடல் தெரியும், பார்த்துப் பார்த்துப் போய்விடலாம். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று வந்து முட்டுகிற இடங்களில் இந்த மலையும் ஒன்று. மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் இருப்பது பாறையா வெறுவெளியா என்று தெரியாது. எந்தப் பக்கம் இறங்கினால் வழி, எந்தப் பக்கம் இறங்கினால் பாதாளம் என்பதை, அந்த முகட்டோடு பழகிய ஒரு மனிதர்தான் அப்போது சொல்ல வேண்டும்.

உயரத்தைச் சொன்னால் நம் ஊரில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கூலினின் உச்சியான ஸ்கூர் அலஸ்டர் 992 மீட்டர்தான். ஏற்காடே அதைவிட உயரம். ஆனால் ஏற்காட்டுக்குப் பேருந்து போகிறது. கூலினின் முதன்மை முகட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க இடம் தேட வேண்டியிருக்கும். சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் அந்த முகட்டில் 3,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் பதினொன்று. அதன் இரு பக்கமும் பனியாறுகள் தோண்டிய பள்ளங்கள். இரண்டு பக்கப் பள்ளங்களும் மலையை அரித்துக்கொண்டே பின்னுக்கு வந்து, நடுவில் விட்டுவைத்த மெல்லிய சுவர்தான் முகடாக நிற்கிறது.

முழு முகட்டையும் ஒரே நாளில் முதன்முதலில் கடந்தவர்கள் ஷாட்போல்ட், மெக்லாரன் என்ற இருவர், 1911இல். இன்றும் பலர் நடுவில் ஓர் இரவு மலைமேலேயே தங்கித்தான் அதை முடிக்கிறார்கள். எங்களுக்கு அந்த ஆசை இல்லை. நாங்கள் போக நினைத்தது ஒரே ஒரு சிகரத்துக்கு: ஸ்கூர் விக் ஹோனிஹ், 948 மீட்டர். கேலிக் மொழியில் அது மெக்கன்ஸியின் சிகரம். ஏறுவதற்கு மிகக் கடினமானது என்று யாரும் சொல்வதில்லை. கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய, விழுந்தால் தப்ப வழியில்லாத, ஆனால் நிதானமாகப் போனால் விழ வேண்டிய அவசியமும் இல்லாத முகடு. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட முக்கியமான காரணம் அந்தப் பெயர். கூலினில் சில சிகரங்களுக்கு மனிதர்களின் பெயர் இருக்கிறது. அவற்றில் ஒன்று ஒரு வழிகாட்டியின் பெயர்.

க்ளென் பிரிட்டில் பள்ளத்தாக்கு முடியும் இடத்தில், கடற்கரையை ஒட்டி, கூடாரம் போடும் மைதானம் ஒன்று இருக்கிறது. காலையில் வழிகாட்டி அங்கே வந்து எங்களைச் சந்தித்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. காற்று அறைந்து அறைந்து சிவந்த முகம். என்னோடு வந்தவன் கிளாஸ்கோவில் மருத்துவனாக இருக்கும் கல்லூரித் தோழன். வணக்கம் சொல்லி முடித்ததும் அவர் எங்கள் பைகளைத் திறக்கச் சொன்னார். பாதிச் சாமான்கள் வண்டிக்குத் திரும்பிப் போயின. அதற்குப் பதிலாக இன்னொரு ஜோடிக் கையுறை, தலைவிளக்கு, உலர்ந்த கம்பளிச் சட்டை. காலணிகளைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தார். ஹெல்மெட்டையும் இடுப்பு ஹார்னஸையும் மாட்டிவிட்டு, வாரை இழுத்துப் பார்த்தார். எங்கள் விரல்கள் கட்டிய முடிச்சை அவர் கண்ணும் விரலும் ஒருமுறை சரிபார்த்த பிறகே அடுத்த பேச்சு. என் தோழன் அறுவைச் சிகிச்சை அரங்கில் வேலை பார்ப்பவன். இந்தப் பழக்கத்தின் அருமை அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

“மேகம் எண்ணூறு மீட்டருக்கு இறங்கியிருக்கிறது. மதியத்துக்கு மேல் தூக்கலாம், தூக்காமலும் போகலாம். முகட்டுக்குப் போகிறோமா இல்லையா என்பதை ஏரிக்கரையில் சொல்கிறேன்” என்றார்.

ஏன் ஏரிக்கரையில் என்று அப்போது விளங்கவில்லை. கோரி லாகன் என்ற பள்ளத்துக்குப் போகும் பாதை புல்லும் சதுப்புமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல கல்லாக மாறுகிறது. பின்னால் திரும்பினால் கடல். அதில் ரம், கான்னா தீவுகள். மேலே சாம்பல் மூடி. பள்ளத்தின் வாயை நெருங்கும்போது பெரும் பாறைத் தளங்கள் வருகின்றன. பனியாறு உரசிப் போன கீறல்கள் இன்னும் அவற்றில் அழியாமல் இருக்கின்றன. அதில் ஏற ஒரு வழி இருந்தது; சுற்றிப் போக இன்னொரு சுலபமான வழியும் இருந்தது. அவர் எங்களை ஏற விட்டார். தான் பக்கத்தில் வந்துகொண்டே, ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். ஆனால் அவர் பார்வை எங்கள் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. எந்தக் கால் தயங்குகிறது, யார் முழங்காலை ஊன்றுகிறார், யார் கையை மேலே எட்டிப் பிடித்துத் தொங்குகிறார், யார் காலை நம்பி எழுகிறார் என்பதையெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் எடைபோட்டு முடித்துவிட்டார். பாறை நடுவே பச்சை நிறத்தில் தேங்கிக் கிடந்த சிறிய ஏரியின் கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். பிறகு, “போகலாம்” என்றார். கயிற்றில் யார் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்.

ஏரிக்கு மேலே சரளைச் சரிவு. இரண்டு அடி எடுத்து வைத்தால் ஓரடி சறுக்கும். அங்கே அவர் சொல்லித்தந்த ஒரு பாடம் என் எண்ணத்துக்கு நேர்மாறாக இருந்தது. கல் உருளும் சரிவில் ஒருவருக்கொருவர் விலகி நடப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அவர் எங்களை ஒருவர் பின் ஒருவராக நெருங்கி வரச் சொன்னார். முன்னே போகிறவர் காலில் இடறும் கல், பின்னால் வருகிறவர் மேல் வேகம் பிடிப்பதற்கு முன்பே பட்டு நின்றுவிட வேண்டும். இருபதடி உருண்ட பிறகு வந்தால் அதே கல் எலும்பை முறிக்கும். மேலும் கீழுமாக நடக்கும் இடத்தில் இது விதி. சரிவைக் குறுக்கே கடக்கும்போது கணக்கு வேறு, அங்கே ஒருவர் ஒருவராகப் போக வேண்டும். எங்களுக்கு வலப்புறம், சற்றுத் தள்ளி, இன்னொரு பெரும் சரளை ஓடை ஸ்கூர் அலஸ்டர் பக்கமிருந்து இறங்கிவருகிறது என்றார். அது மேகத்துக்குள் இருந்தது. கற்கள் எப்போதாவது சரியும் ஓசை மட்டும் வந்தது.

கணவாயில் ஏறியதும் காற்று மாறியது. இதுவரை மலை எங்களுக்கு மறைப்பாக இருந்திருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து, கொரூஸ்க் ஏரி கிடக்கும் பள்ளத்திலிருந்து, ஈரம் பொதிந்த காற்று மேலேறி வந்து முகத்தில் அடித்தது. வெயில் நாளில் கூலினின் மிக அழகான காட்சி அந்த ஏரிதான் என்பார்கள். எங்களுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கயிற்றை எடுத்தார். பெரும்பகுதியைத் தன் தோளில் வளையமாகச் சுற்றிப் பூட்டிக்கொண்டு, எங்களுக்கு இடையில் சில அடி தூரம் மட்டும் விட்டார். முதலில் அவர், அடுத்து நான், கடைசியில் தோழன்.

இந்தக் கயிறு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எதிலும் கட்டாத கயிற்றில் மூன்று பேர் வரிசையாகப் போனால், ஒருவர் விழும்போது மூவரும் போக வேண்டியதுதான். அதனால் நடக்க நடக்க அவர் கயிற்றை முகட்டுப் பாறைகளில் பின்னிக்கொண்டே போனார். ஒரு கூர்க்கல்லின் இடப்பக்கம் போட்டால் அடுத்த கூர்க்கல்லின் வலப்பக்கம். நாங்கள் இடப்பக்கம் சரிந்தாலும் வலப்பக்கம் சரிந்தாலும் ஏதாவது ஒரு கல் அதைத் தாங்கிப் பிடிக்கும். கொஞ்சம் செங்குத்தான இடம் வந்தால் அவர் முதலில் ஏறி, நல்ல பாறைக் கொம்பில் கயிற்றைச் சுற்றி, எங்களை ஒவ்வொருவராக இழுவையில் வைத்துக்கொண்டு ஏற்றினார். எந்தக் கொம்பு நம்பத்தக்கது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு கணம் போதும். முதலில் உள்ளங்கையால் தட்டிக் கேட்பார். கணீரென்று ஒலித்தால் அது மலையோடு ஒட்டியிருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே வெடிப்பு.

“என்னடா, கீழே ஒண்ணுமே தெரியலையே” என்றான் தோழன் பின்னாலிருந்து.

“தெரியலைன்னா நல்லதுதானே?”

“இல்லடா. தெரிஞ்சா எவ்வளவுன்னு மனசு ஒரு கணக்குப் போட்டுக்கும். இது எவ்வளவுன்னே தெரியல.”

அவன் சொன்னது உண்மை. மேகம் பள்ளத்தை மறைத்துவிடும், அதனால் பயம் குறையும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கண்ணுக்கு எல்லை இல்லாதபோது காது அதை எடுத்துக்கொள்கிறது. கால் பட்டு ஒரு சிறு கல் இடப்பக்கம் போனது. ஒரு மோதல், சற்று இடைவெளி, இன்னொரு மோதல், அப்புறம் ஒன்றுமே இல்லை. தரையில் விழுந்த சத்தம் கடைசி வரை வரவில்லை.

கூலினின் பெரும்பகுதி கேப்ரோ என்ற பாறை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் பெருங்கடல் இந்தப் பக்கம் பிளந்து விரியத் தொடங்கிய காலத்தில், இங்கே ஓர் எரிமலை இருந்தது. அதன் அடியில், நிலத்துக்குள்ளேயே மெல்ல ஆறி இறுகிய குழம்புதான் கேப்ரோ. மெல்ல ஆறியதால் அதன் படிகங்கள் பெரியவை, மேற்பரப்பு சொரசொரப்பானது. ஈரத்திலும் காலணியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் விரல்நுனித் தோலையும் உரித்துவிடும். ஆனால் அந்தக் கேப்ரோவின் வெடிப்புகளில் பின்னர் வேறொரு குழம்பு புகுந்து சீக்கிரமாக ஆறி, பசால்ட் ஆகியிருக்கிறது. அது கருமையாக, நெய் பூசியதுபோல வழவழப்பாக இருக்கும். நனைந்துவிட்டால் அதில் கால் நிற்காது. பசால்ட் சீக்கிரம் தேய்ந்துபோவதால் முகட்டில் அங்கங்கே வெட்டு விழுந்திருக்கிறது. படிக்கட்டுபோல் இறங்கி ஏற வசதியாகத் தெரிவதும் அந்த வெட்டுகள்தான், கால் வழுக்குவதும் அங்கேதான்.

அவர் எங்களுக்குக் கொடுத்த கட்டளை மிகச் சுருக்கமானது: சொரசொரப்பை நம்புங்கள், கருமையைச் சந்தேகியுங்கள். அதற்குப் பிறகு என் உலகம் முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட நான்கு அடியாகச் சுருங்கிவிட்டது. இது பழுப்புச் சாம்பல், வைக்கலாம். இது கறுப்பு, வேண்டாம். இங்கே ஒரு விளிம்பு, இடது கைக்கு. இப்படி மனம் ஒன்றின்மேல் முழுக்கப் பதிந்து கிடப்பது எனக்கு அன்றாட வாழ்க்கையில் வாய்ப்பதே இல்லை. அதற்காகவே திரும்பவும் போவேன்.

ஓரிடத்தில் முகடு ஒரு சாய்ந்த பலகையாக மாறியது. வலப்பக்கம் கோரி லாகனை நோக்கிச் சரிந்த பெரும் பாறைத் தட்டு. இடப்பக்கம் நேர் வெட்டு. பலகையின் மேல் விளிம்பு நம் கைப்பிடி அகலத்துக்குத்தான் இருக்கும். அதைக் கைப்பிடிபோல இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உடலைத் தட்டின்மேல் இருத்தி, கால்களைச் சரிவில் அழுத்தி, பக்கவாட்டில் நகர வேண்டும். கைகளை நீட்டி உடலைப் பாறையிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். உள்ளுணர்வு அதற்கு எதிராகக் கத்தும். பயந்தவன் பாறையைக் கட்டிக்கொள்ளத்தான் பார்ப்பான். ஆனால் பாறையோடு ஒட்டிக்கொண்டால் எடை காலைவிட்டு நகர்ந்து கால் வழுக்கும். உடல் நிமிர்ந்தால் எடை நேராகக் காலில் இறங்கி, கேப்ரோ தன் வேலையைச் செய்யும். நான் பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை, தைரியம் சொல்லவும் இல்லை. “உங்கள் வலது காலுக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, நாணயம் அளவுக்கு ஒரு குழி இருக்கும்” என்றார். பன்னிரண்டு அடி தள்ளி, மேகத்துக்குள் நிற்பவர், என் காலடியில் எனக்கே தெரியாத குழியைச் சொல்கிறார். காலால் தடவினேன். இருந்தது.

அந்தக் குழியைப் பற்றி உச்சியில் கேட்டேன். மெக்கன்ஸியின் சிகரத்துக்கு எத்தனை முறை வந்திருக்கிறார் என்று அவருக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தத் தட்டில் எல்லாரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்பார்களாம். குட்டையானவர்கள் அரையடி முன்னால் நிற்பார்கள், அவர்களுக்கு வேறு குழி.

வழி பிடிப்பதில் இதைவிட வியப்பு. என் தோழனின் கைப்பேசியில் செயற்கைக்கோள் வழிகாட்டி இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. அவரும் ஒன்று வைத்திருந்தார். அதை அவர் குறைத்துப் பேசவில்லை. நாம் மலையின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதை அது சொல்லிவிடும். ஆனால் எதிரே நிற்கும் பாறைத் தூணை இடமாகச் சுற்றுவதா வலமாகச் சுற்றுவதா என்ற கேள்வி ஐந்தடிக் கேள்வி. முகட்டின் அகலமே சில இடங்களில் அதற்குள் முடிந்துவிடுகிறது. இந்த மலைக்கென்று 1:12,500 அளவில் பெரிதாக்கிய வரைபடம் அச்சிடுகிறார்கள். அதிலும் பாறைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கறுத்துக் கிடக்கின்றன. அவர் பார்த்தது வேறு அடையாளங்களை. காலணிகள் ஆண்டுக்கணக்காகத் தேய்த்த இடத்தில் கேப்ரோவின் நிறம் ஓர் இழை வெளுத்திருக்கும். பனிக்காலத்தில் வருகிறவர்களின் இரும்பு முட்கள் கீறிய தழும்புகள் இருக்கும். ஒரு வெட்டில், பளிச்சென்று தேய்ந்த சரளைத் தடம் ஒன்று இடப்பக்கம் இறங்கியது. எனக்கு அதுதான் வழி என்று தோன்றியது. அவர் தலையசைத்தார். “அது வழி தவறியவர்கள் போட்ட பாதை. ஐம்பது அடி போகும். அப்புறம் எல்லாரும் திரும்பி வருவார்கள். போகும்போது ஒரு தேய்ப்பு, வரும்போது ஒரு தேய்ப்பு. அதனால்தான் உண்மையான வழியைவிட அது பளிச்சென்று இருக்கிறது.”

உச்சி சிறியது. மூன்று பேர் உட்கார்ந்து ரொட்டி தின்ன இடம் இருந்தது. காட்சி எதுவும் இல்லை. அதனால் பேச்சு இருந்தது.

ஜான் மெக்கன்ஸி பிறந்தது 1856இல், மலைக்கு வடக்கே ஸ்கான்சர் பக்கம். சிறு குத்தகை நிலம் வைத்திருந்த குடும்பம். பத்து வயதில் ஸ்கூர் நன் கிலியன் சிகரத்தில் ஏறியிருக்கிறார். ஸ்லிகஹான் விடுதியில் தங்க வருபவர்களுக்கு மட்டக்குதிரை ஓட்டிப்போவதும் மீன்பிடிக்கத் துணை போவதும் அவர் வேலை. பிறகு மலைக்கு அழைத்துப்போகத் தொடங்கினார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அதையே செய்தார். பிரிட்டனின் முதல் தொழில்முறை மலைவழிகாட்டி என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். 1887இல் சார்லஸ் பில்கிங்டனின் குழு நாங்கள் உட்கார்ந்திருந்த இந்த உச்சியை அடைந்தபோது உடன் வந்தவர் அவர். அந்தக் குழுவினர்தான் சிகரத்துக்கு அவர் பெயரை இட்டார்கள். பில்கிங்டன் பணக்காரர், மலையேறிகளிடையே புகழ்பெற்றவர். அன்றைய வழக்கப்படி சிகரத்தை அவர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யாததை நான் மதிக்கிறேன்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. நாங்கள் இருந்த உச்சிக்குச் சற்றுக் கீழே, மேற்குச் சுவரில், பள்ளத்தின் மேலே தொங்குவதுபோல ஒரு விளிம்புத் தடம் ஓடுகிறது. காலியின் விளிம்பு என்று அதற்குப் பெயர். நார்மன் காலி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். 1886இல் ஸ்கைக்கு மீன்பிடிக்க வந்து, யாரோ இருவர் பாறைமுகத்தில் ஏறுவதைப் பார்த்து, மலைப்பித்து பிடித்து, வழி கேட்டு மெக்கன்ஸியைத் தேடிப்போனவர். அவர் அந்த விளிம்பைக் கடந்தது 1888இல். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஹார்ட் என்பவர் அதைக் கடந்துவிட்டார். இரண்டு முறையும் உடனிருந்தவர் மெக்கன்ஸி. விளிம்பு காலியின் பெயரில்தான் இருக்கிறது. இதில் காலியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் பல்லாண்டு ஒன்றாக மலையேறி நண்பர்களானார்கள். மெக்கன்ஸி 1933இல் இறந்தார். காலி தம் கடைசிக் காலத்தை ஸ்லிகஹானில் கழித்து 1942இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி ஸ்ட்ரூவன் கல்லறைத் தோட்டத்தில் மெக்கன்ஸிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு வெண்கலச் சிலை 2020இல் ஸ்லிகஹானில் திறக்கப்பட்டது.

இந்தக் காலி 1895இல் நங்கா பர்வதத்துக்குப் போன குழுவிலும் இருந்தவர். அங்கே மம்மரி என்ற ஆங்கிலேயரும் ரகோபீர் தாப்பா, கோமன் சிங் என்ற இரு கூர்க்கா வீரர்களும் மறைந்துபோனார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, கூர்க்காப் படையின் சார்லஸ் புரூஸ், ஹர்க்கபீர் தாப்பா என்ற வீரரை ஸ்கைக்கே அழைத்துவந்தார். ஸ்லிகஹான் விடுதிக்கு எதிரே நிற்கும் 775 மீட்டர் உயர கிளாமைக் குன்றின் உச்சிக்கு ஓடிப்போய், திரும்பி விடுதி வாசலுக்கு வந்து சேர ஹர்க்கபீருக்கு ஆன நேரம் 55 நிமிடம். வெறுங்காலில். முதலில் அதை நம்ப மறுத்தவர்கள் இருந்ததால் அவர் இரண்டாம் முறையும் ஓட வேண்டியிருந்தது; அந்த இரண்டாம் ஓட்டத்தின் நேரம்தான் இது. இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குன்றில் ஓட்டப்பந்தயம் நடக்கிறது.

நான் வழிகாட்டியிடம் சொன்னதும் ஒன்று உண்டு. அவருக்கு அது புதிது. மெக்கன்ஸியின் ஊருக்குப் பக்கத்து ஊர் பிரேஸ். 1882இல் அங்கேயிருந்த குத்தகை விவசாயிகள், தங்கள் ஆடுமாடுகள் மேய்ந்துவந்த குன்றைத் திருப்பிக் கேட்டு வாடகை தர மறுத்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்தது. பெண்கள் முன்னின்று கல்லெறிந்து எதிர்த்தார்கள். அதன்பின் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. 1883இல் அது முதல் சாட்சியைக் கேட்ட இடம் பிரேஸ். ஆணையத்தின் தலைவர் நேப்பியர் பிரபு, அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். கூவம் கடலில் கலக்கும் இடத்தில் நாம் தினமும் கடந்துபோகும் நேப்பியர் பாலம் அவர் பெயர்தான். ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவர் அலெக்சாண்டர் நிக்கல்சன், ஸ்கையில் பிறந்த கேலிக் அறிஞர். கூலினின் உச்சியில் 1873இல் முதலில் ஏறியவர் அவர். ஸ்கூர் அலஸ்டர் என்ற பெயரில் இருப்பது அவர் பெயரின் கேலிக் வடிவம். அந்த விசாரணையின் விளைவாக 1886இல் வந்த சட்டம், நிலத்தைவிட்டுத் துரத்தப்பட மாட்டார்கள் என்ற உறுதியைக் குத்தகை விவசாயிகளுக்கு முதன்முதலாகத் தந்தது.

இதை ஏன் மலைமேல் பேச வேண்டும் என்றால், மலையை அறிந்தவர்கள் அவர்கள் என்பதால்தான். 1836இல் ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர் ஸ்கூர் நன் கிலியனில் ஏறியதாக நூல்கள் சொல்கின்றன. அவரை அழைத்துப்போனவர் டங்கன் மெக்கின்டயர் என்ற உள்ளூர்க்காரர். ஆடு தேடியும் மான் தேடியும் இந்தச் சரிவுகளில் அலைந்தவர்களுக்கு எந்தப் பள்ளத்தின் வழியே மேலேறலாம், மேகம் எங்கிருந்து இறங்கும், எந்த ஓடையை நம்பி இறங்கலாம் என்பது தெரிந்திருந்தது. காலுக்குக் கீழே உள்ள நிலத்தின்மேல் அவர்களுக்குச் சட்டப்படி ஒரு பிடியும் இல்லை; அந்த நிலத்தின் அறிவு முழுவதும் அவர்களிடம் இருந்தது. மெக்கன்ஸி தன் தொழிலைத் தொடங்கிய காலமும் இந்தப் போராட்டக் காலமும் ஒன்றே. பள்ளிப் பாடத்தில் மலைகளை ‘கண்டுபிடித்தவர்கள்’ என்று படித்த என்னைப் போன்றவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வழிகாட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நேப்பியரின் பாலம் எப்படி இருக்கும் என்றார். வெள்ளை வளைவுகள் கொண்டது, கடல் பக்கத்தில் என்றேன்.

இறங்குவதற்கு வேறு வழிகள் உண்டு. எங்கள் கைக்கு அவை மீறியவை. வந்த முகட்டிலேயே திரும்பினோம். வரிசை இப்போது தலைகீழ்: தோழன் முன்னே, நான் நடுவில், அவர் கடைசியில், எங்களுக்கு மேலே. கீழே இறங்கும்போது யாராவது சறுக்கினால் மேலே இருப்பவர்தான் பிடிக்க முடியும். அதனால் வழி சொல்லும் வேலை அவர் குரலுக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து அந்தக் குரல் அமைதியாக வந்துகொண்டே இருந்தது: “இடது. இன்னும் ஒரு படி. அதில் வேண்டாம். அடுத்தது.” முகம் தெரியாத அந்தக் குரலை என் தோழன் கேட்டு நடந்த விதத்தைப் பார்க்க எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. நாள் முழுக்கப் பிறருக்குக் கட்டளையிட்டே பழகியவன் அவன்.

சாய்ந்த பலகையைத் தாண்டியதும், கணவாய்க்கு மேலே ஒரு படியில் அவர் எங்களை நிறுத்தினார். ஏறும்போது அவர் கயிறு சுற்றப் போய், தட்டிப் பார்த்து விட்டுவிட்டுப் போன பாறைத் துண்டு. ஓர் இரும்புப் பெட்டி அளவு இருக்கும். மீண்டும் தட்டினார். பொத்தென்றது. மழைநீரும் பனியும் அதன் பின்னால் இருந்த பிளவை விரித்திருந்தன. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, அதில் புதிய, பாசி படராத, வெளுத்த பாறை தெரிந்தது. போன மாதம் அந்த இடைவெளி இல்லை என்றார். அதன் மேல் நாங்கள் கை வைக்காதபடி, ஒருவர் ஒருவராகச் சுற்றி இறக்கினார். தானும் அதைத் தொடாமல் இறங்கினார். கீழே யாரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரியாமல் மேகத்துக்குள் அதைத் தள்ளிவிட முடியாது.

கணவாயில் கயிற்றைக் கழற்றினோம். சரளையில் இறங்குவது ஏறுவதற்கு நேர்மாறு. குதிகாலை ஊன்றினால் சரிவே கொண்டுபோய்விடும். ஏரிக்கு வந்தபோது மேகம் கொஞ்சம் தூக்கி, அலஸ்டரின் கீழ்ச்சுவர் தெரிந்தது. கூடார மைதானத்துக்கு வந்து சேர்ந்ததும் ஹெல்மெட்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் இடத்துக்கு வண்டியில் போய் நிறுத்தி, தீவில் இருக்கும் மற்ற வழிகாட்டிகளுக்கு ஒவ்வொருவராகப் பேசினார். நாங்கள் பின்னால் எங்கள் வண்டியில் காத்திருந்தோம். பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அந்தப் பாறையின் இடத்தைச் சொன்ன விதம் காதில் விழுந்தது: கணவாயிலிருந்து இரண்டாவது வெட்டு, பசால்ட்டுக்கு மேலே, வலப்பக்கம், எல்லாரும் கயிறு சுற்றும் அந்தக் கொம்பு. மறுமுனையில் இருந்தவர்கள் யாரும், எந்தக் கொம்பு என்று திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.